இரு வாசல்களுக்கு இடையே

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் ஆதலால் அவ்வூருக்குத் திருமுக்கூடல் என்று பெயர். கூடுகின்றன என்று எழுதிவிட்டோமே தவிர, ஆண்டின் பெரும்பகுதி அங்கே நாம் காண்பது மணற்பரப்பைத்தான். நாம் சென்றதும் ஆற்றைக் காண அன்று. அங்குள்ள அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயிலின் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது, அதைக் காணவே சென்றோம். கண்டு முடித்து, வாலாஜாபாத்துப் பேருந்துக்காகத் தேநீர்க் கடையொன்றில் காத்திருந்தபோது, அருகில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்கு வந்துவிட்டுத் திரும்புகிறவர். அவருடைய ஊர் வடக்கே, பரந்தூர்ப் பக்கம். சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் அமைப்பதற்காகக் குறிக்கப்பட்ட நிலங்களுள் அவருடைய நிலமும் ஒன்று.

இழப்பைப் பற்றி அவர் நீளப் பேசவில்லை. "ஐயா, படிச்சவரா தெரியுது. ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்று தொடங்கினார். "மீனம்பாக்கமும் இருக்கும், எங்க ஊர்லயும் வரும்னு சொல்றாங்க. அப்போ அங்க எறங்குற ஆளு இங்க வந்து வேற ப்ளேன் ஏறணும்னா எப்படிங்க வருவாரு? மூட்டை முடிச்செல்லாம் யாரு தூக்கியாருவா?"

நமக்குச் சட்டென்று சிரிப்புத்தான் வந்தது. நிலத்தைப் பறிகொடுக்கும் நிலையில் உள்ளவர், முகம் தெரியாத ஒரு வானூர்திப் பயணியின் பெட்டிக்காகக் கவலைப்படுகிறாரே என்ற சிரிப்பு. வீடு திரும்பிய பின்னரும் அக்கேள்வி நம்மை விடவில்லை. அதன் உள்ளே இறங்கிப் பார்க்கப் பார்க்க, அந்தத் திட்டத்தைப் பற்றி நாம் கேட்டறிந்த விவாதங்கள் பலவற்றையும்விட அதுவே அடிப்படையான அறக்கேள்வி என்று தோன்றத் தொடங்கியது.

ஒரே விமான நிலையத்தில் இறங்கி, அங்கேயே வேறு விமானம் ஏறும் பயணிக்குப் பெரும் தொல்லை இல்லை. ஒரே பயணச்சீட்டாக இருந்தால் பெரும்பாலும் பெட்டிகள் தாமே மாறிவிடும். அவர் ஒரு கூடத்திலிருந்து மறு கூடத்துக்கு நடந்தால் போதும். நகரம் ஒன்றாகவும் நிலையங்கள் இரண்டாகவும் இருந்தால் நிலைமை வேறு. இறங்கியவர் குடியேற்றச் சோதனையைக் கடந்து அந்த நாட்டுக்குள்ளேயே நுழைந்தாக வேண்டும். அதற்கு அந்நாட்டின் விசா தேவைப்படக்கூடும். பெட்டிகளைச் சுழல்பட்டையிலிருந்து தாமே எடுக்க வேண்டும். சுங்கம் கடந்து, பேருந்தோ ரயிலோ வாடகைக் காரோ பிடித்து, நகரத்தின் போக்குவரத்து நெரிசலுக்குள் புகுந்து மறுகரை ஏறி, அங்கே மீண்டும் வரிசையில் நின்று, பெட்டியை ஒப்படைத்து, பாதுகாப்புச் சோதனைக்கு உட்பட வேண்டும். இரண்டு விமானங்களுக்கிடையே ஐந்தாறு மணி நேரம் இருந்தாலும் நெஞ்சு படபடக்கும்.

நமக்கு மிகவும் வேண்டிய ஒரு தாய், அறுபத்தெட்டு வயதினர், கானடாவிலுள்ள மகளின் பேறுகாலத்துக்காகப் புறப்பட்டார். இலண்டன் ஹீத்ரோவில் இறங்கி, காட்விக்கில் ஏற வேண்டும். மகன் இணையத்தில் தேடியபோது அவ்வழிதான் கட்டணம் குறைவாக இருந்ததாம். இரண்டும் இலண்டன் என்றுதானே சீட்டில் இருக்கிறது, பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் என்று அவர் எண்ணிவிட்டார். இரண்டுக்கும் சாலை வழியே அறுபது கிலோமீட்டருக்கு மேல். ஊறுகாயும் பேறுகால மருந்துப் பொடிகளும் அடைத்த இரண்டு கனத்த பெட்டிகளை இழுத்துக்கொண்டு, ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த அந்தத் தாய் பேருந்து நிறுத்தத்தைக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு மணி நேரம் போயிற்று. நெடுஞ்சாலையில் விபத்தொன்றினால் வண்டிகள் நின்றுவிட்டன. காட்விக்கை அடைந்தபோது விமானம் புறப்பட்டுவிட்டிருந்தது. சீட்டுகள் இரண்டும் தனித்தனியே வாங்கப்பட்டவை. ஆகவே முதல் விமானத்தார், தாங்கள் சொன்ன நேரத்துக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டதாகச் சொன்னார்கள், அது உண்மை. இரண்டாம் விமானத்தார், பயணி உரிய நேரத்தில் வரவில்லை என்றார்கள், அதுவும் உண்மை. புதிய சீட்டுக்குக் கொடுத்த தொகை, முதலில் மிச்சப்படுத்திய தொகையைப்போல் பல மடங்கு. இரவு முழுவதும் நாற்காலியில் அமர்ந்தபடி செபமாலை உருட்டிக்கொண்டிருந்ததாக அவர் பின்னர் நம்மிடம் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, யார்மீதும் குறை சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

இங்கேதான் நாம் சிறிது நின்று சிந்திக்க வேண்டியுள்ளது. யாரும் தவறு செய்யவில்லை. ஆயினும் ஒருவர் துன்புற்றார். முதல் வாசலுக்கு உரிமையாளர் உண்டு, இரண்டாம் வாசலுக்கும் உண்டு. இடையிலுள்ள அறுபது கிலோமீட்டருக்கு, அந்தப் பயணியின் பொறுப்பை ஏற்பவர் என்ற பொருளில், உரிமையாளர் இல்லை. உரிமையாளர் இல்லாத இடைவெளியின் சுமை எப்பொழுதும் அதைத் தாங்க வலுவற்றவரின் தோளிலேயே போய் விழுகிறது. வசதி படைத்தவர் கூடுதல் பணம் கொடுத்து அவ்வழியைத் தவிர்த்துவிடுவார். நேரத்தையோ பணத்தையோ எண்ணிச் செலவழிக்க வேண்டியவர்தாம் அதில் மாட்டிக்கொள்கிறார்.

இது நமக்குப் புதிய அனுபவமும் அன்று. மும்பையிலிருந்து வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டு வந்த குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம் களைப்பாக இருந்ததில்லை. சென்ட்ரலில் இறங்கி எழும்பூரில் தெற்கே போகும் வண்டியைப் பிடிக்கும் அந்த இரண்டு கிலோமீட்டர்தான் உயிரை வாங்கியது. தலையில் படுக்கைச் சுருட்டு, இடுப்பில் குழந்தை, ரிக்‌ஷாக்காரருடன் பேரம், கையில் மெழுகுவர்த்திப் பொட்டலம். சென்ட்ரல் 1873-இலும் எழும்பூர் 1908-இலும் திறக்கப்பட்டவை. இரண்டையும் இணைக்க நகரம் எத்தனை தலைமுறை காலம் எடுத்துக்கொண்டது என்று எண்ணிப் பாருங்கள். அண்மையில், 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டபோதும் இதே கதைதான். கட்டடம் அழகாக எழும்பிவிட்டது. அதை ஒட்டிய ரயில் நிலையம் அப்போது இல்லை. கோயம்பேட்டில் இறங்கிப் பழகிய தென்மாவட்டத்து மக்கள், நள்ளிரவில் முப்பது கிலோமீட்டருக்கு ஆட்டோக் கட்டணம் கேட்டுத் திகைத்தார்கள்.

காஞ்சிபுரத்துத் தறியில் உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக அமையும் கோர்வைச் சேலையை நெய்வதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். உடலை ஒரு நெசவாளரே நெய்துவிடுவார். இரு நிறங்களும் பிணையும் அந்தக் கோட்டுக்காகவே பக்கத்தில் இன்னொருவர் அமர்ந்து தனி நாடாவைக் கொடுத்து வாங்க வேண்டும். இணையும் இடத்துக்குக் கூடுதலாக ஓர் ஆள் வேண்டும், அவருக்குக் கூலியும் வேண்டும் என்பது தறிக்காரர் கணக்கில் முதலிலேயே உண்டு. நகரங்களைத் திட்டமிடுகிறவர்களின் கணக்கில் அது கடைசியாகத்தான் வருகிறது. சில வேளைகளில் வராமலே போகிறது.

இலண்டன் மாநகரம் இந்த இடைவெளியை ஒரு காலத்தில் வானத்திலேயே கடக்க முயன்றது. 1978 முதல் 1986 வரை ஹீத்ரோவுக்கும் காட்விக்குக்கும் இடையே ஹெலிகாப்டர்ச் சேவை நடந்தது. மேலே இருந்தவர்களுக்கு வசதி. கீழே குடியிருந்தவர்களுக்கு ஓயாத இரைச்சல். வட்டச்சாலை முடிவடையும் தறுவாயில் அச்சேவை நிறுத்தப்பட்டது. பயணியின் சுமையை இறக்கி வைப்பதாகச் சொல்லி, அதைப் பயணமே செய்யாத ஒருவரின் கூரைமீது வைப்பதும் தீர்வு ஆகுமோ?

டோக்கியோவின் கதை இன்னும் கசப்பானது. நரித்தாவில் புதிய நிலையம் அமைப்பதென்று 1966-இல் ஜப்பானிய அரசு முடிவு செய்தபோது அவ்வூர் விவசாயிகளைக் கலந்து பேசவில்லை. போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது, உயிர்களும் பலியாயின. 1978 மார்ச் மாதத்தில் திறப்பு விழாவுக்குச் சில நாள்களுக்கு முன் கட்டுப்பாட்டுக் கோபுரமே தாக்கப்பட்டு, விழா மே மாதத்துக்குத் தள்ளிப்போயிற்று. அதன் பின்னர் வெளிநாட்டு விமானங்கள் பெரும்பாலும் நரித்தாவுக்கும், உள்நாட்டு விமானங்கள் பழைய ஹனேடாவுக்கும் என்று பிரிக்கப்பட்டன. தொலைவிலுள்ள ஊரிலிருந்து அயல்நாடு செல்லும் ஜப்பானியர் ஹனேடாவில் இறங்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் பேருந்தில் நகரத்தைக் குறுக்கே கடந்து நரித்தாவை அடைய வேண்டியதாயிற்று. 2010-இல் ஹனேடாவில் புதிய பன்னாட்டு முனையம் திறக்கப்பட்டு, அயல்நாட்டு விமானங்கள் பெருமளவில் அங்குத் திரும்பி வரத் தொடங்கின. நிலத்தைப் பலவந்தமாக எடுக்க முனைந்தது தவறு என்று அரசு வருத்தம் தெரிவித்ததும் 1990-களில்தான்.

நாம் நெடுநேரம் எண்ணிப் பார்த்தது கானடாவின் மான்ட்ரியல் நகரத்தைப் பற்றியே. நம் வாசகர்களுக்கு அது சற்று நெருக்கமான கதையாகவும் இருக்கும். ஏனெனில் அங்கு நிலம் இழந்தவர்கள் கியூபெக் மாநிலத்துக் கத்தோலிக்க உழவர் குடும்பங்கள். பங்கு ஆலயத்தைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாகப் பயிர்செய்து வாழ்ந்தவர்கள். அவ்வூர்களுள் ஒன்றின் பெயரே புனித ஸ்கொலாஸ்திக்கா. 1969-இல் கூட்டாட்சி அரசு அங்கே ஏறத்தாழ 97,000 ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்தியது. ஒரு விமான நிலையத்துக்கு 97,000 ஏக்கரா என்று கேட்காதீர்கள். உலகிலேயே பெரியதாக இருக்க வேண்டும் என்று விரும்பினார்கள். 1975-இல் மிராபெல் நிலையம் திறக்கப்பட்டது. வெளிநாட்டு விமானங்கள் அங்கே. உள்நாட்டு விமானங்கள் நகரத்தை ஒட்டிய பழைய டோர்வல் நிலையத்தில். இரண்டையும் இணைப்பதாகச் சொல்லப்பட்ட விரைவு ரயில் போடப்படவே இல்லை.

விளைவு என்ன? அயல்நாட்டிலிருந்து வந்து உள்நாட்டு விமானம் மாற வேண்டியவர்கள் மான்ட்ரியலையே தவிர்த்தார்கள். டொரொன்டோ சென்றால் ஒரே இடத்தில் இறங்கி ஏறலாம் அல்லவா? நீண்ட தொலைவு பறக்கும் விமானங்கள் வந்தமையும், வணிகம் மேற்கே நகர்ந்தமையும் வேறு காரணங்கள். அவற்றையும் மறைப்பது நேர்மை ஆகாது. ஆயினும் இரு வாசல்களுக்கிடையே வழி அமைக்காத குற்றம் பெரிது. 1997-இல் அயல்நாட்டு விமானங்கள் டோர்வலுக்குத் திரும்பின. 2004 அக்டோபர் இறுதியில் மிராபெலில் கடைசிப் பயணிகள் விமானம் புறப்பட்டது. சரக்கு விமானங்கள் தொடர்ந்தன. பயணிகள் முனையக் கட்டடத்தை 2014-இல் இடிக்கத் தொடங்கினார்கள்.

எடுத்த நிலத்தில் பெரும்பகுதி எதற்கும் பயன்படவில்லை. முன்னர் உரிமையாளராக இருந்தவர்களே தங்கள் வயலில் அரசுக்குக் குத்தகை கட்டிக் குடியிருந்தார்கள். 1980-களின் நடுவிலிருந்து நிலம் சிறிது சிறிதாகத் திருப்பித் தரப்பட்டது. கடைசித் தவணையாக 11,000 ஏக்கரைத் திருப்புவதாக 2006-இல் அறிவித்தார்கள். முப்பத்தேழு ஆண்டுகள்! நிலத்தைக் கொடுத்தபோது இளைஞனாக இருந்தவன், அது திரும்பி வரும்போது கிழவன்.

இப்பொழுது அந்தப் பெரியவரின் கேள்விக்குத் திரும்புவோம். பயணியின் பெட்டியும் உழவரின் நிலமும் வெவ்வேறு வழக்குகள் என்று நாம் எண்ணியிருந்தோம். ஒன்று வசதி பற்றியது, மற்றொன்று வாழ்வு பற்றியது என்பது நம் கணக்கு. மிராபெல் அந்தக் கணக்கைப் பொய்யாக்கிவிட்டது. பொதுநன்மைக்காகக் கொடு என்று ஒருவரிடம் கேட்டு வாங்கினோமென்றால், அந்தப் பொதுநன்மை உண்மையில் விளைய வேண்டியது கேட்டவரின் கடன். இரண்டு நிலையங்களுக்கிடையே மக்கள் சென்றுவர முடியாமற் போனால் இரண்டாம் நிலையம் வாடும். அது வாடினால் நிலத்தை இழந்தவரின் தியாகம் பொருளற்றதாகும். தம் நிலம் வீணாகுமோ என்பதைத்தான் அவர் மூட்டை முடிச்சைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டாரோ, என்னவோ!

பரந்தூரைப் பற்றி நாம் அறிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2022 ஆகஸ்டில் இடம் அறிவிக்கப்பட்டது. ஐயாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம், ஏறத்தாழ 20 ஊர்களைத் தொடுவது. ஏரிகளும் குளங்களும் கம்பன் கால்வாயும் அதனுள் அடங்கும். முழுமையடையும்போது ஆண்டுக்குப் பத்துக் கோடிப் பயணிகளைக் கையாளும் என்பது திட்டம். ஏகனாபுரம் மக்கள் 2022 ஜூலை முதல் மாலைதோறும் கூடிப் போராடினார்கள். 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். 2025 ஏப்ரலில் அப்போராட்டம் ஆயிரம் நாள்களைக் கடந்தது. அதே மாதம் மத்திய அரசின் கொள்கையளவிலான ஒப்புதலும் கிடைத்தது. அவ்வாண்டிலேயே சிலர் நிலத்தைப் பதிவுசெய்து கொடுத்தார்கள். கொடுத்தவர்களைக் கோழைகள் என்றோ, மறுத்தவர்களை வளர்ச்சியின் பகைவர் என்றோ பேசுவது நமக்கு உடன்பாடன்று. இருவருமே நாம் எதிர்கொள்ள வேண்டியிராத ஒரு தேர்வை எதிர்கொண்டவர்கள்.

மீனம்பாக்கத்தை மூடிவிடாமல் இரண்டையும் நடத்துவது என்பதே அறிவிக்கப்பட்ட எண்ணம். பெங்களூரும் ஐதராபாத்தும் 2008-இல் வேறு வழி சென்றன. புதியது திறந்தவுடன் பழைய நிலையத்தின் வழக்கமான பயணிகள் சேவையை நிறுத்திவிட்டன. தொலைவு கூடிற்று, ஆனால் இடைவெளி இல்லை. சென்னைக்கு இடைவெளி உண்டு: மீனம்பாக்கத்துக்கும் பரந்தூருக்கும் ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். பூந்தமல்லியிலிருந்து பரந்தூர் வரை ஏறத்தாழ 53 கிலோமீட்டருக்கு மெட்ரோ ரயில் வரையப்பட்டுள்ளது. நல்லது. ஆனால் அது கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரும் தடத்தின் நீட்சி. மீனம்பாக்கத்துக்கு நேரே செல்வதன்று. இடையில் இறங்கி, பெட்டியுடன் மாடி ஏறி இறங்கி, வேறு வண்டி மாற வேண்டும்.

இப்படி மாற வேண்டியவர்கள் எத்தனை பேர் என்று கேட்கலாம். நூற்றில் சிலராகவே இருக்கக்கூடும். சிலருக்காகப் பெருஞ்செலவு செய்வதா என்பது பொருளியலாரின் நியாயமான கேள்வி. ஆனால் யார் அந்தச் சிலர் என்று பார்க்க வேண்டும். வளைகுடா நாட்டிலிருந்து ஈராண்டுக்கு ஒருமுறை வந்து தூத்துக்குடிக்கோ மதுரைக்கோ விமானம் மாறும் தொழிலாளி. தந்தையின் இறப்புச் செய்தி கேட்டு அவசரமாக வருகிறவர். சக்கர நாற்காலியிலுள்ள நோயாளி. தலைக்கணக்கில் குறைவானவர்கள் என்பதால் ஒருவரின் சுமை குறைந்துவிடுவதில்லை. பரந்தூர் ஊர்களும் தலைக்கணக்கில் குறைவானவைதாமே. அவர்களை அந்தக் கணக்கினால்தான் கேட்டோம்.

இழப்பீடு கொடுக்கிறோமே என்பது மற்றொரு விடை. நிலத்துக்கு விலை உண்டு, ஒப்புக்கொள்வோம். பழைய ஊரை விட்டுப் புதிய குடியிருப்பில் அடுப்பு மூட்டும் வரையுள்ள காலத்துக்கு விலை ஏது? அந்தக் காலத்தில் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகும், மாடு எங்கே மேயும், முன்னோர் கல்லறையில் யார் விளக்கு ஏற்றுவார்? அதுவும் இரு வாசல்களுக்கு இடைப்பட்ட பயணமே. அதற்குத் திரும்பும் சீட்டு இல்லை.

மும்பையிலும் இப்பொழுது வாசல் இரண்டு. 2025 டிசம்பரில் நவி மும்பை நிலையத்திலிருந்து விமானங்கள் பறக்கத் தொடங்கின. நவி மும்பைக்காக நிலம் இழந்த உழவர்களுக்கு உரிய ஈடு கேட்டு 1984-இல் நடந்த போராட்டத்தில் காவல்துறைச் சூட்டில் ஐவர் இறந்தனர். அப்போராட்டத்தை நடத்திய தி.பா. பாட்டீலின் பெயரையே நிலையத்துக்குச் சூட்ட வேண்டுமென்று அவ்வூர் மக்கள் வற்புறுத்தினர். மாநில அமைச்சரவையும் 2022-இல் இசைந்தது. பெயர் சூட்டுவது நன்று. நாம் மனம் கசந்து சொல்வதாக எண்ண வேண்டா: பெயர்ப்பலகை எளிது, பேருந்து கடினம்.

திருமுக்கூடல் கல்வெட்டில் நாம் கண்டதையும் சொல்லிவிடுகிறோம். பதினோராம் நூற்றாண்டின் அந்த எழுத்துகள் கோயிலோடு இணைந்த கல்விச்சாலையையும் விடுதியையும் பதினைந்து படுக்கைகள் கொண்ட மருத்துவமனையையும் பற்றிப் பேசுகின்றன. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்வோர், நோயாளிகளைப் பேணும் பெண்கள், ஒவ்வொருவருக்கும் இவ்வளவு நெல் என்று எழுதியிருக்கிறார்கள். மருந்துகளின் பெயர்களும் உண்டு. மாணவர்க்குச் சனிக்கிழமைகளில் தலைக்குத் தேய்க்க எண்ணெயும் உண்டு. மாணவர்க்கும் கோயில் பணியாளர்க்கும் மட்டுமே உரிய ஏற்பாடு அது. ஊரார் அனைவர்க்கும் அன்று. அதைப் பெரிதுபடுத்திப் பாட வேண்டியதில்லை. எனினும் வீட்டை விட்டு வந்து தங்கியிருக்கும் ஒரு பிள்ளைக்குத் தலைக்கு எண்ணெய் யார் கொடுப்பார் என்று கேட்டு, விடையையும் கல்லில் வெட்டி வைத்தவர்கள் அவர்கள்.

தேநீர்க் கடையில் அந்தப் பெரியவருக்கு நாம் சொன்ன விடை மிகவும் மெலிந்தது. மெட்ரோ வரும் என்றார்கள், சாலை அகலமாகும் என்றார்கள் என்று ஏதோ சொன்னோம். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். பேருந்து வந்தது. வாலாஜாபாத்தில் இறங்கி அவர் வேறு வண்டி மாற வேண்டுமாம். நிலையத்தை அடைந்தபோது பரந்தூர்ப் பக்கம் போகும் பேருந்து புறப்பட்டுவிட்டிருந்தது. அடுத்தது எப்போது என்று கேட்க அவர் நேரக்காப்பாளரின் அறையை நோக்கி நடந்தார். நாம் அவருடைய பையைக் காலருகே வைத்துக்கொண்டு நின்றோம்.